நாகலட்சுமியின் கம்பள மூலை

பெண்டாட்டியைப் பற்றி எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எங்கள் பக்கம் எவனும் செய்கிற காரியமில்லை. தலைவரைப் பற்றி எழுதுவான், சாமியைப் பற்றி எழுதுவான். பெண்டாட்டி செத்த பிறகு கருமாதிப் பத்திரிகையில் நாலு நல்ல வார்த்தை போடுவான். அவள் நன்றாக இருக்கும்போதே எழுதிவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆளில் குறை இல்லை.

நாகலட்சுமி கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. என் அப்பா கிதிர்பூர் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அதனால் என்னைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு அவளும் கொல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தாள். பெஹாலாவில் ஒரு சந்துக்குள் வீடு. வந்த புதிதில் பால்காரனிடம் பேசப் பயந்து கதவைச் சாத்திக்கொள்வாள். இப்போது மீன் கடையில் "தாதா" என்று அண்ணன் முறை வைத்து மரியாதையாக ஆரம்பித்து, எடையில் கைவைத்தால் சுத்தமான வங்காளத்தில் அவன் தாத்தா வரைக்கும் இழுப்பாள். லேக் மார்க்கெட்டில் ஒரு பூக்கடைக்கு வருஷக்கணக்காகப் பூ கட்டிக் கொடுத்தாள். பேசிக்கொண்டே இருப்பாள், கை தன்பாட்டுக்கு ஓடும்.

நான் கார்டன் ரீச்சில் இம்தியாஸ் பாய் பட்டறையில் கம்பளம் கழுவுகிறவன். கழுவினவன் என்று சொல்ல வேண்டும். சிமெண்டுத் தரையில் கம்பளத்தை விரித்து, தண்ணீர் விட்டு, மரத்துடுப்பால் ரோமம் சாய்கிற பக்கமாகவே தள்ளித் தள்ளி அழுக்கெடுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் தள்ளினால் கம்பளத்தின் முகமே கெட்டுப்போகும். நனைந்த பெரிய கம்பளம் செத்த எருமை மாதிரி கனக்கும். அதைத் தூக்கித் தூக்கியே ஒருநாள் முதுகில் எலும்பு விலகிவிட்டது. இனி ஒரு வாளி தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்தது தூக்குவதும் கழுவுவதும்தான். பூ கட்டி வருவதில் வீட்டு வாடகையே தேறாது. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. போக்கிடம் என்று மிச்சமிருந்தது கோவில்பட்டியில் அவள் அண்ணன் வீட்டு மாடி அறை.

இம்தியாஸ் பாய் ஆரஞ்சுப் பழத்தோடு என்னைப் பார்க்க வந்தார். அவர் காசிக்குப் பக்கத்தில் பதோஹி ஊர் நெசவாளிக் குடும்பம். ஹிந்தியும் வங்காளமும் கலந்து பேசுவார், நான் தமிழில் போட்டுவிடுகிறேன். பட்டறையில் அறுந்த கம்பளத்தை முடிச்சுப் போட்டு ஒட்டுகிற ஆள் துபாய்க்குப் போய்விட்டான், ஜன்னலோர இடம் காலியாகக் கிடக்கிறது என்று புலம்பினார். டீயைக் கொண்டுவந்து வைத்த நாகலட்சுமி அப்படியே நின்றாள்.

"அந்த வேலைய நான் பாத்தா என்னவாம்?"

"ஏட்டி, அது என்ன பூ கட்டுறதுன்னு நெனச்சியா?" என்றேன்.

"நீங்க சும்மா படுங்க. முதுகு போனவருக்கு வாய் மட்டும் போகல."

இம்தியாஸ் பாய் சிரிக்கவில்லை. "எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு பொம்பளைங்க முடிச்சுப் போடுறாங்க, பாபி. வந்து உக்காந்து பாருங்க. கை படிஞ்சா இடம் உங்களது" என்றார். அண்ணன் பெண்டாட்டியை அழைப்பது போல அவளை 'பாபி' என்றுதான் எப்போதும் அழைப்பார். அந்த மனுஷன் அன்றைக்கு ஒரு வார்த்தை கேலியாகப் பேசியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அதுவரை அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பவானி ஜமக்காளம்தான். பட்டறைக்குள் வந்து முதல் கம்பளத்தைத் தொட்டுப் பார்த்தவள், "என்னங்க இது, ஜமக்காளத்துக்கு முடி மொளச்சிருக்கு?" என்றாள். இம்தியாஸ் பாய்க்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அந்த ஆள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு சொல்லிக்கொடுத்தார். பாவு நூல் நேராக இழுத்துக் கட்டியிருக்கும். ஒரு பாவு நூலைக் கம்பளி நூலால் சுற்றி, பக்கத்து நூலுக்கு அடியில் நுழைத்து எடுத்தால் ஒரு முடிச்சு. வெளியே நிற்கிற நுனியைக் கத்தியால் வெட்ட வேண்டும். அந்த நுனிதான் அவள் சொன்ன முடி. ஒரு வரிசை முடிந்ததும் குறுக்கே ஊடை நூலை ஓட்டி, இரும்புச் சீப்பால் அடித்து இறக்க வேண்டும். அப்புறம் அடுத்த வரிசை. ஒரு பூ தலையைக் காட்டுவதற்குள் நமக்குத் தலை நரைத்துவிடும்.

அந்தக் கத்தியில்தான் வில்லங்கம். நெசவாளிகள் சின்ன வளைந்த கத்தியை உள்ளங்கையிலேயே மடக்கி வைத்துக்கொண்டு, விரலால் முடிச்சுப் போட்டு, அதே கையால் வெட்டிவிடுவார்கள். நாகலட்சுமிக்கு அது வரவில்லை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து அரிவாள்மணையில் உட்கார்ந்து காய் நறுக்கினவள். கத்தி நிற்க வேண்டும், காய் கத்தியிடம் போக வேண்டும். கத்தி காயிடம் வருவதெல்லாம் அவளுக்கு ஆகாது. அதனால் ஒரு சின்னப் பலகையில் பிளேடை நிறுத்தி வைத்து, பலகையை முழங்காலுக்குக் கீழே அமுக்கிக்கொண்டாள். முடிச்சைப் போடுவது, நூலைப் பிளேடுக்கு இழுப்பது, அறுப்பது. பட்டறையே வேடிக்கை பார்த்தது. வங்காளிப் பெண்களும் வீட்டில் அப்படித்தான் நறுக்குகிறார்கள், அதனால் யாருக்கும் அது தப்பாகவே படவில்லை. "பலே பாபி, மிஷின்!" என்றார் இம்தியாஸ் பாய்.

அவள் போட்ட முதல் பழகு துண்டு அப்பளம் பொரிந்த மாதிரி எழும்பி நின்றது.

கம்பளம் தரையோடு படுத்துக் கிடக்க வேண்டும். முடிச்சு அளவுக்கு மேல் இறுகினால் பாவு நூல்களை ஒன்றோடொன்று இழுத்துவிடும், துண்டு சுருங்கி நடுவில் புடைக்கும். இம்தியாஸ் பாய் தடவிப் பார்த்துவிட்டு, "இது பூ கட்டுற கை. பூ உதிராம இருக்க இறுக்கித்தான் கட்டணும். இங்க இறுக்கக் கூடாது. சீப்பு அடிக்கிற அடிதான் முடிச்சைப் பிடிச்சு வைக்கும்" என்றார். அன்றோடு அவள் பூக்கடைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். எத்தனையோ வருஷத்து வேலை.  வாடகைக்கு உதவிக்கொண்டிருந்த பூக்காசும் போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் வீரராகவன் சார் வீட்டுக் கம்பளம் வந்தது. ஜாதவ்பூரில் இருக்கிறார், பெரிய கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தா காலத்தில், ஊருக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரனுடைய சாமான்கள் ஏலத்தில் வந்தபோது வாங்கியது. ஆக்ரா ஜெயிலில் கைதிகள் நெய்தது. ஒரு மூலையில் பித்தளைத் தொட்டியில் செடி வைத்து வருஷக்கணக்காகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். தூக்கிப் பார்த்தால் மூலை மக்கிப்போய் கையில் பிய்ந்து வருகிறது. பேத்தி மதுவந்திக்கு நிச்சயதார்த்தம், அந்தக் கம்பளத்தில்தான் உட்கார வைக்க வேண்டும் என்று அவர் வீட்டு மாமி பத்மஜா பிடிவாதம். நடுவிலும் இரண்டு கிழிசல் இருந்தது.

இம்தியாஸ் பாய் நாகலட்சுமியைக் கூப்பிட்டு ஒளிக்காமல் சொன்னார். "பதோஹியிலிருந்து ஒரு ஆளை வரச் சொல்லியிருக்கேன், பாபி. துர்கா பூஜை முடிஞ்சு வருவான். நடுக் கிழிசலை நான் பாத்துக்கறேன். மூலையை நீங்க எடுத்துக்குங்க. அவன் ரயில் ஏறுறதுக்குள்ள மூலை தட்டையா படுத்துடுச்சுன்னா, வர வேண்டாம்னு போன் பண்ணிடறேன். புடைச்சா, நான் ஒண்ணும் செய்ய முடியாது. அவன் பிரிச்சுப் போடுவான், இடமும் அவனுக்கு."

"சரி" என்றாள். வெளியே வந்ததும் என்னிடம், "எங்கண்ணி கையால சோறு வாங்கித் திங்கணும்னு எந்தலையில எழுதியிருக்கான்னு இந்த மூலையில தெரிஞ்சுபோகும்" என்றாள்.

மக்கின பகுதியை வெட்டி எடுத்து, புது பாவு நூலை ஊசியால் பழைய கம்பளத்துக்குள் கோர்த்து இழுத்துக் கட்டிக் கொடுத்தது இம்தியாஸ் பாய். கட்டும்போது வாய் ஓயாது. அக்பர் பாதுஷா பாரசீகத்திலிருந்து நெசவாளிகளைக் கூட்டிவந்து ஆக்ராவிலும் லாகூரிலும் தறி போட வைத்ததைச் சொல்வார். பதோஹிக்கு வித்தை வந்ததற்கு அவர் ஊரில் ஒரு கதை உண்டு. கிராண்ட் டிரங்க் ரோட்டில் போன வியாபாரிக் கூட்டத்தைக் கொள்ளைக்காரர்கள் வெட்டிப்போட்டார்களாம். குற்றுயிராகக் கிடந்த பாரசீக நெசவாளி ஒருத்தனைக் கிராமத்து ஜனங்கள் தூக்கிவந்து பிழைக்க வைத்தார்களாம். கொடுக்கக் கையில் ஒன்றுமில்லாத அவன் முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுத்தானாம். நிஜமோ பொய்யோ, நாகலட்சுமிக்கு அந்தக் கதை பிடித்துவிட்டது. "சோறு போட்டவங்களுக்குத் தொழிலையே குடுத்துட்டுப் போயிருக்கான், மவராசன்" என்றாள்.

வெள்ளைக்காரன் காலத்தில் ஜெயிலுக்குள்ளேயே தறி போட்டார்கள். கைதிகள் வரிசையாக உட்கார, ஒருத்தன் சீட்டைப் பார்த்து நிறத்தைக் கூவுவானாம். "ரெண்டு சிவப்பு, ஒரு நீலம்." மற்றவர்கள் திருப்பிச் சொல்லிக்கொண்டே முடிச்சுப் போடுவார்கள். இதைக் கேட்டதும் நாகலட்சுமி என்னைப் பார்த்தாள். "இவருதான் சும்மா கெடக்காரே, கூவட்டும்."

அப்படி எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. கம்பளத்தை உயரமான மரச்சட்டங்களின் மேல் விரித்திருந்தார்கள். மக்கின மூலையில் அவள். அதே பூ அடுத்த மூலையில் நன்றாக இருந்தது. அதற்கு அடியில் பாய் போட்டு நான் மல்லாந்து படுத்துக்கொள்வேன். முதுகுக்கும் அதுதான் சுகம். இரண்டு மூலையும் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலம் மாறித்தான் இருக்கும். பின்பக்கத்திலிருந்து பார்ப்பதால் எனக்கு நேராகவே தெரியும். ஜன்னல் வெளிச்சத்தில் முடிச்சு ஒவ்வொன்றும் கம்பரிசி மாதிரித் தனித்தனியாக நிற்கும். "ஒரு கருநீலம், மூணு சிவப்பு, ஒரு சந்தனம்" என்று கூவுவேன். அவள் திருப்பிச் சொல்லிக்கொண்டே போடுவாள்.

"சந்தனமா, மஞ்சளா? ஒழுங்காப் பாத்துச் சொல்லுங்க."

"சந்தனம்தான்."

"பொண்ணு பாக்க வந்தப்ப எஞ்சேலைய மஞ்சள்னு சொன்ன ஆளு நீங்க. அது கிளிப்பச்சை."

எந்தக் கைதி இதைப் போட்டானோ, கோணல் இல்லாமல் போட்டிருக்கிறான். அவன் போட்டது போலவே எங்கள் வாய் வழியாக மறுபடி ஒரு பூ எழும்பிக்கொண்டிருந்தது. வேலையில்லாதவன் என்று குறுகிக் கிடந்த எனக்கு அந்தப் பாயில் படுத்துக் கூவியது எவ்வளவு பெரிய உபகாரம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தாள். இன்றுவரை ஒத்துக்கொள்ள மாட்டாள்.

ஆனால் மூலை புடைத்தது. விரற்கடை உயரம் ஏறியதும் லேசாக அலை அடிக்க ஆரம்பித்தது. பூ கட்டுவதை விட்டாயிற்று, ஒவ்வொரு முடிச்சையும் தொட்டும் தொடாமலும்தான் போடுகிறாள். அப்படியும் புடைத்தது. இம்தியாஸ் பாய் பார்த்துவிட்டு நடுக் கிழிசலுக்குத் திரும்பிப் போனார். அது அவளைச் சுட்டது. "இறுக்கலியேங்க! நான் எங்கன இறுக்குதேன்?" என்று அழுகிற குரலில் கேட்டாள். தெருவெல்லாம் பந்தலுக்கு மூங்கில் இறங்கிக்கொண்டிருந்தது. பூஜை வந்துவிட்டது.

மறுநாள் நூலை இழுக்கையில் அந்தப் பிளேடு அவள் கட்டைவிரலைக் கிழித்துவிட்டது. துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். பிளேடுக்கு நூலை இழுத்தால் விரல் வலித்தது. அதனால் பலகையைத் தள்ளிவைத்துவிட்டு, நூல் வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்தாள். முடிச்சுப் போட்டு, நூல் இருக்கிற இடத்துக்கே கத்தரியைக் கொண்டுபோய் வெட்டினாள். வேலை ஆமையாக நகர்ந்தது. நான் கூவிவிட்டுக் காத்துக்கிடந்தேன்.

மத்தியானம் சாப்பிட எழுந்தவள் மூலையைத் தடவினாள். மறுபடி தடவினாள்.

"என்னங்க. எந்திரிச்சு இங்கன வாங்க. கண்ண மூடிட்டுத் தடவிப் பாருங்க."

தடவினேன். கீழே போட்ட வரிசைகள் மேடும் பள்ளமுமாக இருந்தன. காலையில் போட்ட வரிசைகள் பழைய கம்பளத்தோடு பழைய கம்பளமாக இருந்தன.

"காலையில என்ன வித்தியாசமாப் பண்ணின?" என்றேன்.

அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்த பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "முடிச்சுப் போடும்போது இறுக்கல. அறுக்கும்போது இறுக்கியிருக்கேன்" என்றாள் மெதுவாக.

அவ்வளவுதான் விஷயம். பிளேடிடம் நூலைக் கொண்டுபோகிற ஒவ்வொரு இழுப்பும், பூப்போலப் போட்ட முடிச்சைச் சுருக்குக் கயிறாக்கியிருக்கிறது. பட்டறையே வேடிக்கை பார்த்த வித்தைதான் காலை வாரியிருக்கிறது. இம்தியாஸ் பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். "என் கண்ணு முன்னாடியே நடந்திருக்கு. நான் மிஷின்னு வேற சொன்னேன்!"

"அந்த மிஷின கங்கையில போடுங்க பாய்" என்றாள்.

பிறகு அவள் செய்ததை வேறு யாரும் செய்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம். கீழே புடைத்த வரிசைகள் வரைக்கும் எல்லாவற்றையும் பிரிக்கப் போகிறேன் என்றாள். மேலே போட்ட நல்ல வரிசைகளும் அதோடு போகும். நாளில்லை, நீராவி வைத்து அழுத்திச் சமாளித்துவிடலாம் என்று நான் சொன்னேன். இம்தியாஸ் பாயும் அதற்குத் தலையாட்டினார்.

"அழுத்தினா அன்னைக்குப் படுத்துரும். அப்புறம் என்னைக்காவது தண்ணி பட்டா எந்திரிச்சிரும். கழுவுறவரு, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அண்ணன் வீட்டு மாடி என் கண் முன்னால் நின்றது.

பிரித்தாள். கத்தரி போட்டால் நாள் போதாது என்று கத்தியை உள்ளங்கையில் பிடிக்கப் பழகினாள். அது எனக்கே பயமாக இருந்தது. இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டு மஞ்சள் அப்பிக்கொண்டாள். கொஞ்சங்கொஞ்சமாகக் கத்தி அவள் கையில் ஆறாவது விரல் மாதிரி ஆகிவிட்டது. தெருவில் டாக்கு மேளம் அடிக்கிறபோது நான் அதற்கு மேல் கத்திக் கூவுவேன். அஷ்டமியன்று ஊரே புதுத்துணி கட்டிக்கொண்டு பந்தல் பந்தலாகச் சுற்றியது. பெஹாலாவில் நாங்கள் பௌதி, அதாவது அண்ணி, என்று அழைக்கிற பக்கத்து வீட்டுக்காரி வந்து, "வாயேன், தாகூர் பார்த்துவிட்டு வரலாம்" என்று கூப்பிட்டாள். இங்கே துர்க்கை சிலையைத் தாகூர் என்பார்கள். "எனக்குத் தாகூர் இந்த வருஷம் மூலையில உக்காந்திருக்கார்" என்று நாகலட்சுமி அவளுக்கு வங்காளத்தில் பதில் சொன்னாள்.

முடிந்ததும் கழுவினார்கள். என் இடத்துக்கு வந்த புது ஆள் தண்ணீர் விட்டான். துடுப்பைத் தொடக்கூடாத நான் சுவரோரம் நின்று, "ரோமத்தோட தள்ளு, எதிர்ல போகாதே" என்று கத்திக்கொண்டிருந்தேன். நனைந்த கம்பளம் பொய் சொல்லாது. கோளாறு ஏதாவது இருந்தால் காயும்போது காட்டிக்கொடுத்துவிடும். நாகலட்சுமி பார்க்க மாட்டேன் என்று வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

காய்ந்த பிறகு இம்தியாஸ் பாய் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த மூலையில் வெறுங்காலால் நடந்தார். போனார், வந்தார். பிறகு குனிந்து கன்னத்தைத் தரையோடு வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். எழுந்து போனை எடுத்துப் பதோஹிக்குப் போட்டார். "டிக்கெட்டைக் கான்சல் பண்ணிடு பையா. இங்க ஆள் இருக்கு" என்றார். அதை நான் வாசலில் போய்ச் சொன்னேன். அவள் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, "மத்தியானம் சாப்பிட்டீங்களா இல்லியா?" என்று கேட்டாள்.

கம்பளத்தைக் கொண்டுபோய் விரிக்கிற அன்றைக்கு அவளும் வண்டியில் ஏறிக்கொண்டாள். ஜாதவ்பூரில் கூடத்தில் விரித்ததும் பத்மஜா மாமி சுற்றிச் சுற்றி வந்தார். வீரராகவன் சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"ஏன்னா, எந்த மூலைன்னு தெரியறதோ?"

"தெரியலையே. நீதானே தொட்டி வச்சே, உனக்கே தெரியலையா?"

"இருங்கோ, இருங்கோ." மாமி ஒரு மூலையில் உட்கார்ந்து தடவினார். "இதோ, இதுதான். புது வேலைன்னா தனியாத் தெரியறது பாருங்கோ. ஆனா ரொம்ப அழகாப் பண்ணியிருக்கா. யாரு, நீயாம்மா பண்ணினே? நன்னா இருக்கணும் நீ."

அது நான் அடியில் படுத்துக் கூவின மூலை. ஆக்ரா ஜெயிலில் யாரோ போட்டது. நான் வாயைத் திறந்தேன். நாகலட்சுமி என் காலை மிதித்தாள்.

"ஆமா மாமி, அதுதான்" என்றாள். "உங்க ஆசீர்வாதம்."

சும்மாவா விடுவேன், வரும்போது கேட்டேன். "உன் வேலைக்கு வரவேண்டிய பாராட்டை எவனோ கைதிக்குத் தூக்கிக் குடுத்திட்டியே?"

"குடுத்தா என்ன? அவனுக்கு அப்ப யாரு நல்லாருக்குன்னு சொல்லியிருப்பா?" என்றாள். "எம்மூலைய மிதிச்சிக்கிட்டேதான் நின்னாங்க. ஒரு தடவகூடக் குனிஞ்சு பாக்கல. எனக்கு அது போதும்."

இப்போது ஜன்னலோர இடம் அவளுடையது. பகலெல்லாம் அவள் முடிச்சுப் போடுகிறாள். வேலைக்கு ஏற்றபடி கம்பளி நூலை நிறம் பிரிப்பதும், சீட்டைப் பார்த்துக் கூவுவதும் நான். வீட்டில் சமையலும் நான்தான். இம்தியாஸ் பாய்க்கும், அவர் ஊரில் உயிர்பிழைத்து வித்தை கொடுத்தானாமே அந்த முகம் தெரியாதவனுக்கும், ஆக்ராவில் கோணல் இல்லாமல் முடிச்சுப் போட்ட கைதிக்கும் நான் கடன்பட்டவன். எல்லோரையும்விட இவளுக்கு. இதை நேரில் சொல்லத் தைரியமில்லை. ஒருதடவை சொல்ல ஆரம்பித்தேன். "வரிசை விட்டுப்போகுது, நெறத்தச் சொல்லுங்க" என்றாள்.

ஒரு கருநீலம், மூணு சிவப்பு என்றேன்.